குரோமோசோம்களைப் பார்ப்பது எதற்காக?



இரத்தப் புற்றுநோய்க்கு ஏன் இத்தனை பரிசோதனைகள் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அதில் ஒன்றைக் குறித்து இம்முறை எழுதுகிறோம்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பிள்ளைக்கு மூச்சிரைத்தால், தூசியும் குளிரும்தான் காரணம் என்பார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆனால் அபூர்வமாக ஒரு பிள்ளைக்கு, அதிலும் ஆண்பிள்ளைக்கு, இரைப்போடு கழுத்தில் நெறிகட்டும், முகம் வீங்கும், காய்ச்சல் விடாது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே ஒரு பெரிய நிழல் தெரியும். இது டி-செல் இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் வீக்கம் மளமளவென்று வடிந்துவிடும், வீட்டாரும் மகிழ்வார்கள். ஸ்டீராய்டு இந்தப் புற்றணுக்களையும் அழிக்கும் மருந்து. அதனால் நோய் சில வாரம் ஒளிந்திருந்து திரும்பி வரும். இடையில் சோதனைக்கு வேண்டிய அணுக்களும் கிடைக்காமல் போகும். ஆகவே ஸ்டீராய்டுக்கு முன்பே இரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும்.

டி-செல் என்பது கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு. நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியில் அது முதிர்கிறது. ஒவ்வொரு கிருமியையும் அடையாளம் காண, அந்த அணு 14-ஆம், 7-ஆம் குரோமோசோம்களில் உள்ள சில மரபணுக்களை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்குள்ளும் நடக்கும் வேலைதான் இது. எப்போதாவது ஒட்டும் இடம் தவறிவிடுகிறது. 10-ஆம் அல்லது 11-ஆம் குரோமோசோமின் துண்டு 14-ஆவதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அடங்கியிருக்க வேண்டிய மரபணு அங்கே விழித்துக்கொள்கிறது, அணு முதிராமலே பெருகுகிறது. 7-க்கும் 9-க்கும் இடையே இப்படி நேர்ந்த ஒரு மாற்றத்தை ஆராய்ந்தபோதுதான் 1991-இல் மனிதரின் நாட்ச்-1 மரபணு தெரியவந்தது. இந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் அந்த மரபணுவில் பழுது உண்டு என்று 2004-இல் கண்டறிந்தார்கள்.

இந்தச் சோதனைக்கு உயிருள்ள அணுக்கள் வேண்டும். எலும்பு மஜ்ஜையை ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்து, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அணுக்களை வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயமிட்டு, 46 குரோமோசோம்களையும் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்க்கிறார்கள். வழக்கமாக இருபது அணுக்களை இப்படிப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற சிறிய மருத்துவமனையில் இதற்கு வசதியில்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்கோ, கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோதான் போக வேண்டும். மஜ்ஜை கெட்டுப்போனால் பிள்ளைக்கு மறுபடியும் ஊசி.

உள்ளதைச் சொல்லவேண்டும்: ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்கள் சரியாகவே தெரியும், பழுது அதைவிடச் சிறியது. டி-செல் நோயில் இந்த முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. முதல் மாதங்களின் மருந்துக்குப் பின் எத்தனை புற்றணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதே முக்கியம். ஆனால் வேறொரு இரத்தப் புற்றுநோயில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறியிருப்பது தெரிந்தால் மருந்தே வேறு. அந்நோய்க்கு வேலூரில் 1998 முதல் ஆர்செனிக் ட்ரையாக்ஸைடு மட்டுமே கொடுத்துப் பலரைக் குணமாக்கிய விவரம் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. பாஷாணம் மருந்தான அதிசயம்!

பெற்றோர் எங்களிடம் கேட்பது வேறு கேள்வி. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே கேள்விதான்: "யார் செய்த பாவம்?" பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் அதையே கேட்டார்கள். இந்தக் குரோமோசோம் மாற்றம் தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல, அந்த ஒரு அணுவில் நேர்ந்தது, தம்பி தங்கையருக்குத் தொற்றாது என்று விளக்குகிறோம். தாய்மார் சிலர் அப்போதுதான் அழுகிறார்கள்.

சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இங்கே தினக்கூலியை விட்டு மாதாமாதம் பயணப்பட முடியாமல் பாதியில் நிறுத்துவோர் உண்டு. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியை அவர்களுடைய பஸ் கட்டணத்துக்கும் தங்கும் வாடகைக்கும் ஒதுக்குகிறோம்.

ஜெபக் குறிப்பு: பாதியில் சிகிச்சையை விட்டவர்கள் திரும்பி வரவும், மஜ்ஜைக் குழாய்களைத் தாமதமின்றிக் கொண்டுசேர்க்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காகவும் ஜெபியுங்கள்.