காயத்தைப் பற்றி என்ன கேட்பார்கள்?

உங்கள் இல்லத்தில் ஒருவர் சாலை விபத்தில் அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். இறைவன் அருளால் உயிர் தப்பினார். எலும்பும் கூடிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவும் செய்தாயிற்று. பல மாதங்கள் கழித்து அவர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதுங்க" என்கிறார். தட்டச்சில் ஒரு வரி பதிவாகிறது. அடுத்த வழக்கு அழைக்கப்படுகிறது.

அந்த ஒரு வரியைக் கொண்டு நீதிபதி எதை அளப்பார்? காயம் தானாகப் பேசாது. அதைப் பேசவைக்கும் கேள்விகளை வழக்கறிஞரும் குடும்பத்தாரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். இதை நம்மில் பலரும் வழக்கு முடிந்த பிறகே உணர்கிறோம்.

ஊனச் சான்றில் உள்ள சதவிகிதமே போதுமென எண்ணிவிடலாகாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடக்கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருப்பின் அவருடைய தொழில் முழுவதுமே போய்விடக்கூடும். அரசு எழுத்தராக இருந்தால் வேலை அப்படியே நீடிக்கவும் கூடும். காயம் ஒன்றேயாயினும் இழப்பு ஒன்றன்று. ஆகவே, அடிபட்டவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய இயலும், எது அறவே இயலாது என்பதைத் தீர்ப்பாயம் ஆராய வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு.

36 வயதுத் தையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000. சரளா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் 15. சம்பாதிக்கும் திறனில் 10 சதவிகிதம் போயிற்று என்று தீர்ப்பாயம் கொண்டால் அந்த இனத்தில் 2,16,000 ரூபாய். 40 சதவிகிதம் எனக் கொண்டால் 8,64,000. எதிர்கால வருமான உயர்வை இதில் நான் சேர்க்கவில்லை. இந்த வேறுபாடு முழுவதும் சாட்சியத்தைப் பொறுத்தது. ஒரு குடும்பத்தின் பதினைந்தாண்டுச் சோறு என்றும் இதைச் சொல்லலாம்.

அவருக்கு வலது முழங்கால் முழுமையாக மடங்கவில்லை. அவரிடம் வீட்டிலேயே கேளுங்கள். கால்மிதி இயந்திரத்தை எவ்வளவு நேரம் தொடர்ந்து மிதிக்க முடிகிறது? முன்பு நாளொன்றுக்கு எத்தனை சட்டை தைத்தீர்கள், இப்போது எத்தனை? பெருநாள் நெருக்கத்தில் யாரைக் கூலிக்கு வைத்தீர்கள், என்ன கொடுத்தீர்கள்? பேருந்துப் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்? தரையில் அமர்ந்து உண்ண முடிகிறதா? தொழுகையில் இருப்பில் அமர இயலாமல் நாற்காலியை நாடியது எப்போதிலிருந்து? இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளில் எண்ணும் நாளும் செயலும் இருக்கும். "முன்பு ஆறு சட்டை, இப்போது இரண்டு" என்பது நீதிபதியின் கையில் ஓர் அளவுகோல். "தாங்கவொண்ணா வேதனை" என்பது அப்படியன்று. எல்லா மனுக்களிலும் அது அச்சடித்தாற்போல் இருக்கிறது!

மேற்சொன்ன கேள்விகள் எவையும் விடையைத் தம்முள் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "உங்களால் நடக்கவே முடியவில்லை, அப்படித்தானே?" என்று கேட்பது விடையூட்டும் கேள்வி. முதல் விசாரணையில் தம் தரப்புச் சாட்சியிடம், மறுக்கப்படும் விஷயத்தில், அவ்வாறு கேட்கச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. குறுக்கு விசாரணையில்தான் அதற்கு இடமுண்டு. இக்காலத்தில் முதல் விசாரணை பெரும்பாலும் நிரூபண வாக்குமூலமாக எழுதியே தாக்கல் செய்யப்படுகிறது. அதனால்தான் நான் வீட்டில் கேட்கச் சொல்கிறேன். வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். தாம் சொல்லாத சொல் தம் வாக்குமூலத்தில் இருப்பதைக் குறுக்கு விசாரணையில்தான் பலர் முதன்முதலாக அறிகிறார்கள்.

மனைவியின் சாட்சியத்தை நாம் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் இரவு எத்தனை மணிக்கு அவர் வலியால் எழுகிறார், குளியலறைக்கு எத்தனை நாள் தாங்கிப் பிடித்துச் சென்றார்கள், அதற்காகத் தம் வேலையை எத்தனை நாள் விட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடிபட்டவரே பெண்ணாக இருப்பின் இன்னும் கவனம் தேவை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரி ஒருவருக்கு வலது ஆள்காட்டி விரல் விறைத்துப்போனால், சான்றில் காணும் சதவிகிதம் அற்பமாகவே இருக்கும். இலையைச் சுருட்டி முனையை மடக்குவது அந்த விரல்தான் என்று யாராவது கேட்டு வெளிக்கொணர்ந்தாலன்றித் தீர்ப்பாயத்துக்கு எப்படித் தெரியும்? "நான் வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்று இல்லத்தரசிகள் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல வேண்டாம். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்புண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் கீர்த்தி வழக்கிலும் வலியுறுத்தியது. ஆகவே, ஆட்டுக்கல்லும் தண்ணீர்க் குடமும் சாட்சியத்தில் இடம்பெறலாம், இடம்பெறவும் வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, ஊனம் நிரந்தரமானதா, சொல்லப்படும் சதவிகிதம் அந்தக் காலுக்கு மட்டுமா, உடல் முழுமைக்குமா, உள்ளே வைத்த தகட்டை எடுக்க மீண்டும் அறுவை தேவையா, அதற்கு என்ன செலவாகும்? சிகிச்சையளித்தவரே வந்து சொன்னால் அதற்கு எடை அதிகம். வருமானம் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் சொல்லத் தேவையில்லை. அதைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் பணி.

இனி எதிர்த்தரப்புக் கேள்விகள். "நீதிமன்றத்துக்கு நடந்துதானே வந்தீர்கள்?" என்பது பழக்கப்பட்ட கேள்வி. ஆத்திரத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டால் அத்தனையும் பாழ். "ஆம், கைத்தடியுடன் நடந்தேன், வழியில் இருமுறை அமர்ந்தேன்" என்பது உண்மையாயின் அதையே சொல்லலாம். "இயந்திரத்தில் மோட்டார் பொருத்திக்கொண்டு தைக்கலாமே?" என்பார்கள். பொருத்திப் பார்த்ததுண்டா, எவ்வளவு நேரம் அமர முடிந்தது என்பதை மறைக்காமல் கூறட்டும்.

விபத்து நாளன்று மருத்துவமனைப் பதிவேட்டில் "தானாகக் கீழே விழுந்தார்" என்று எழுதப்பட்டிருக்கும். கூட்டிவந்த யாரோ பதற்றத்தில் சொன்னதாக இருக்கலாம். அந்தப் பக்கத்தின் நகலை முதலிலேயே வாங்கிப் படியுங்கள். யார் சொன்னார், அப்போது அடிபட்டவருக்கு நினைவு இருந்ததா என்பதற்கு விடை வேண்டும். நீரிழிவோ பழைய மூட்டுவலியோ இருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். விபத்துக்கு முன் அந்த வலியோடும் ஆறு சட்டை தைத்தார் என்றால் அதுவே வலுவான சாட்சியம். மறைத்து, எதிர்த்தரப்பு மருத்துவச் சீட்டை எடுத்து நீட்டிய பின் ஒப்புக்கொள்வது வேறு கதை.

இதையெல்லாம் பொய்யைப் பாடம் பண்ணுவதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வியைத்தான் முன்கூட்டி எழுதச் சொல்கிறேன், விடையையன்று. விடை தெரியாதபோது "தெரியாது" என்பதும் சாட்சியமே.

குறுக்கு விசாரணையின் முடிவில், "உங்களுக்கு ஊனமே இல்லை, பணத்துக்காகப் பொய் சொல்கிறீர்கள்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூறுவார். அவர் தம் தரப்பைப் பதிவு செய்கிறார், அவ்வளவே. கண் கலங்கவோ குரலை உயர்த்தவோ தேவையில்லை. "அது சரியல்ல" என்ற சொற்கள் போதும். பிறகு தட்டச்சான சாட்சியத்தைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். படித்துப் பாருங்கள்; படிக்க இயலாவிடில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு சட்டை என்று சொன்னது பன்னிரண்டு என்று பதிவாகியிருந்தால் அங்கேயே, அப்போதே, நீதிபதியிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.