குடற்கட்டியும் வருங்கால நோயும்

மலேசிய ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களுள் பெருங்குடல், மலக்குடற் புற்றே முதலிடம் பெறுவதை 2012–2016ஆம் ஆண்டுகளின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது.

இந்நோய் ஒரு நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் எழும் சிறு சுரப்பிக்கட்டி, பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குமேல் வளர்ந்தே புற்றாகிறது; பலவோ புற்றாவதேயில்லை. எது மாறும் என்று முன்னரே அறிய இயலாமையின், குடல்நோக்கியால் கண்டவுடன் மருத்துவர் அதனை அகற்றிவிடுகின்றனர்.

அகற்றியதோடு அச்சம் முற்றும் நீங்கிற்றா? கட்டியின் அளவும் எண்ணிக்கையுமே விடை கூறும். 2020ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறைப்படி, கட்டியில்லையேல் மறுசோதனை 10 ஆண்டுகட்குப் பின். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை ஒன்றிரண்டாயின் 7 முதல் 10 ஆண்டு. அவ்வளவை எட்டினாலோ 3 ஆண்டு.

ஆதலின் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாழும் நம் பெரியோர், "கட்டியை எடுத்தாயிற்று" என்று அமைந்துவிடாமல், அறிக்கையைப் பேணிவைத்து, மருத்துவர் குறித்த ஆண்டில் மீண்டும் செல்லுதல் வேண்டும்.