பொய்னு யார் சொல்றது? நீடாமங்கலத்திலிருந்து ஒரு எபிசோட்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்னுக்கிட்டு இதைப் பேசுறேன். இந்த ரூட்டில் வந்தவங்களுக்குத் தெரியும், இங்க ஒரு எபிசோடே முடிச்சிடலாம். வர்ற வழியில ஒரு வயல்ல நடவு. நடுறவங்க இந்தியில் பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கு 2023 மார்ச் ஞாபகம் வந்துச்சு.

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குறாங்கன்னு அப்போ வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத பழைய சண்டைகளை எடுத்து ஒட்டியிருந்தாங்க. டிஜிபியே வீடியோவில் வந்து மறுத்தார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரிச்சது. வழக்குகள், கைதுகள் எல்லாம் நடந்துச்சு. ஆனா பயம் அதுக்கு முன்னாடியே ரயில் ஏறிடுச்சு. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டமும் சேர்ந்ததால, எல்லாருமே தப்பி ஓடுற மாதிரி தெரிஞ்சது. இப்படிப்பட்ட நேரத்தில் அரசு சும்மா இருக்கணும்னு என்னால சொல்ல முடியாது.

சரி, அப்போ சட்டம் போட்டுடலாமா? இதே ஊரோட இன்னொரு கதையைக் கேளுங்க.

1937 டிசம்பரில் இங்கே ஒரு காங்கிரஸ் மாநாடு. பொதுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதுக்காகத் தலித்துகளை அடிச்சாங்க, மொட்டை அடிச்சாங்க, சாணிப்பாலைக் குடிக்க வெச்சாங்க. ‘விடுதலை’ இதை எழுதினது. காங்கிரஸ் தரப்பு மறுத்தது. அப்போ மாகாணத்தை ஆண்டது ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை. கடைசியில் பாதிக்கப்பட்டவங்களே ஊர் ஊராய் மேடையேறி நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆ. திருநீலகண்டன் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். பேரு ‘நீடாமங்கலம்’, கிடைச்சா படிங்க.

அன்னிக்கு அரசுகிட்ட, ‘இது போலிச் செய்தி, எடுத்துடு’ன்னு சொல்ற ஒரு பிரிவு இருந்திருந்தா? அந்தச் செய்தி ஈரோட்டைத் தாண்டியிருக்குமான்னு யோசிங்க.

இது வெறும் கற்பனை இல்ல. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஐ.டி. விதிகளைத் திருத்துச்சு. ஒன்றிய அரசைப் பத்தின ஒரு பதிவைப் பொய்னு அரசே அமைக்கிற உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொல்லும். சொன்ன பிறகும் அதை விட்டுவெச்சா, அந்தத் தளம் தனக்கிருக்கிற சட்டப் பாதுகாப்பை இழக்கலாம். யூடியூபோ எக்ஸோ உங்களுக்காகக் கோர்ட்டுக்குப் போகுமா? தூக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவும் வேறு சிலரும் வழக்குப் போட்டாங்க. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவெச்சது. செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து பண்ணுச்சு.

என் கருத்து இதுதான். அரசு வேகமா மறுக்கட்டும், ஆதாரத்தோட, இந்தியிலயும் சேர்த்து. கலவரத்தைத் தூண்டுறவன் மேல வழக்கும் போடட்டும். ஆனா பதிவை நீக்கணும்னா ஒரு நீதிபதி சொல்லணும், காரணத்தை எழுத்தில் கொடுக்கணும். தன்னைப் பத்தின செய்தி பொய்யா மெய்யான்னு அரசே தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, தெரியும். அந்த மார்ச்சில் வீடியோக்கள் வாட்ஸ்அப்லயும் சுத்துச்சு. அங்க எந்த நீதிபதி எதை நீக்குவார்? அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.