விசா மறுக்கப்பட்டால்...

ஐரோப்பாவில் வாழும் பிள்ளையின் திருமணத்திற்கோ சகோதரரின் மரணச்சடங்கிற்கோ செல்வதற்கு விண்ணப்பித்த ஷெங்கன் விசா மறுக்கப்பட்டதும், நம்மவர் பலர் மறுப்புக் கடிதத்தை வாசிக்காமலே முகவர்களை நாடுகின்றனர். அக்கடிதமே முக்கியமானது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

2011 ஏப்ரல் முதல், மறுப்புக்கான காரணத்தை உரிய படிவத்தில் அறிவிப்பது தூதரகங்களின் கடமையாகும். மேன்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. அதற்கான கால எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நாடு திரும்புவது குறித்து ஐயம் எனில் தொழில், குடும்பம், சொத்து என்பவற்றுக்கான ஆதாரங்களையும், காப்புறுதி போதாதெனில் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியையும் இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். முகவர் தரும் போலி ஆவணமோ மறுப்புக்கு மற்றொரு காரணமாகிவிடும். சுட்டிக்காட்டப்பட்ட குறையைத் திருத்துவதே உறவுகளைச் சென்று காண்பதற்கான நேர்வழியாகும்.