நோயற்றோரும் மருந்துப் பரிசோதனையும்

நோயாளி மருந்தை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வான். நல்ல தேகசுகத்துடன் இருக்கும் ஒருவரிடம் குளிகையொன்றை நீட்டி, "இதனை ஐந்தாண்டு உண்ணுங்கள், புற்றுநோயை இது தடுக்குமா என்று அறிய விரும்புகிறோம். இது மெய்யான மருந்தா, வெறுங் குளிகையா என்பது உங்களுக்குக் குளிகை தருபவருக்குந் தெரியாது" என்று சொன்னால் அவர் யாது விடையிறுப்பார், நேயர்களே? "இதற்கு எலிகள் அகப்படவில்லையா?" என்றே கேட்பார். அக்கேள்வியை அறியாமையென்று தள்ளிவிட நான் ஒருப்படேன்.

நல்லதென்று தோன்றும் பொருளை எல்லோருக்குங் கொடுத்துவிட்டாலென்ன என்பாரும் உளர். கரட், கீரை முதலியவற்றை மிகுதியாக உண்போருக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவு என்று கண்ட அறிஞர், அவற்றிலுள்ள பீற்றா கரோட்டீன் என்னும் சத்தே காரணமாகலாம் எனக் கருதினர். பின்லாந்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய பரிசோதனையில், புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் சேர்ந்தனர். 1994இல் முடிவு வெளியாயிற்று. அச்சத்தை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது! பரிசோதியாது ஊரெல்லாம் வழங்கியிருந்தால் இத்தீங்கை எவர் கண்டறிந்திருப்பார்?

ஆயினும், அத்தீங்கு சேர்ந்தவர்களின் உடலிலேயே விளைந்தது என்பதையும் மறைத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1992இல் தொடங்கிய வேறொரு பரிசோதனையில், மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுந்த மகளிர் 13,388 பேர் சேர்ந்தனர். ஒரு பாதியினர் தமொக்சிபென் என்னும் மருந்தையும் மறுபாதியினர் வெறுங் குளிகையையும் உண்டனர். 1998இல் வெளியான முடிவின்படி, மருந்துண்டவரிடையே அந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; கருப்பையின் உட்படலத்திற் புற்றுநோயும் இரத்தக்கட்டியும் கூடின. அஞ்சி விலகியவளும் துணிந்து சேர்ந்தவளும் தத்தம் அளவில் நியாயமுடையவர்களே.

அங்கே சேர்ந்தவருள் 100க்கு 96 பேர் வெள்ளையர். கறுப்பின மகளிர் ஏன் இத்துணைக் குறைவு? அந்நாட்டு அரசின் சுகாதாரப் பகுதியினர் 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்தின் தஸ்கீகியில், மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் 399 பேரிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் கைக்கு வந்த பின்னரும் அதனைக் கொடாது, நோயின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அத்தகைய வரலாற்றையுடைய சமூகத்தார் வைத்தியரின் கையொப்பத்தாளை ஐயத்துடன் நோக்குவது வியப்பன்று. அதுவொன்றே காரணமுமன்று. வேலையை விட்டு அடிக்கடி வைத்தியசாலைக்குச் செல்ல வசதியில்லாதவர் பலர். வைத்தியர் அழையாமையாற் சேராதவரும் பலர். கேட்கப்படாதவரை மறுத்தவரென்று எண்ணுவது முறையாகுமா?

விளைவு யாதெனில், வெள்ளையரினும் மிகுந்த வீதத்தில் மார்புப் புற்றுநோயால் இறக்கும் கறுப்பின மகளிருக்கு அம்மருந்து எவ்வளவு பயன்தரும் என்பதை, அப்பெரும் பரிசோதனையைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது போயிற்று.