வேகத்தின் பிள்ளைகள் – 11: தடுக்க ஓர் ஆள்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூருக்குச் சரித்திரத்தில் பெயர் கிடைத்ததெல்லாம் சண்டையால்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே தன் பகைவரை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் என்றது சாளுக்கியப் புலிகேசியைத்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்ததும் இந்த மண்ணில்தான். அந்தச் சண்டையின் ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் இருக்கிறது.

போர்க்களம் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே வயலும் வரப்பும்தான் கிடைக்கும். இப்போது இந்த மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தருவது வண்டி. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அண்ணன் ஷிப்டுக்குப் போய்ச் சம்பாதித்து, தவணையில் எடுத்த பைக் வாசலில் நிற்கும். சாவி ஆணியில் தொங்கும். எட்டாவது படிக்கும் தம்பிக்கு அந்த ஆணி எட்டும் உயரம்தான்.

பந்தயத் தடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு தடம் போட்டுக்கொண்ட கதையை முன்பே சொல்லிவிட்டேன். இந்த வாரம் அந்தத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 5 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று சனிக்கிழமை. தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் மூன்றாவது சுற்று. புதுமுகங்களுக்கான பிரிவில் பெங்களூரைச் சேர்ந்த ஸ்ரேயஸ் ஹரீஷ் ஓட்டினான். 2010 ஜூலை 26-ல் பிறந்தவன். பதின்மூன்று முடிந்து பத்தே நாள். அந்த சீசனில் தொடர்ந்து நான்கு வெற்றி. சிறுவர்களுக்கான மினி ஜிபி போட்டிக்காக ஸ்பெயின் வரை போய், ஐந்தாவதாகவும் நான்காவதாகவும் வந்தவன். அந்த மாதமே மலேசியாவின் செபாங் தடத்தில் ஓட்டப் போவதாக ஏற்பாடு. அன்று காலைத் தகுதிச் சுற்றில் அவனுக்குத்தான் முதலிடம். பந்தயம் தொடங்கியதும், முதல் வளைவைத் தாண்டும் இடத்தில் விழுந்தான். தலையில் பலத்த அடி. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். தடத்திலேயே ஆம்புலன்ஸ் இருந்தது, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், காப்பாற்ற முடியவில்லை. அந்த வாரம் மிச்சமிருந்த பந்தயங்கள் அனைத்தையும் கிளப் ரத்து செய்தது.

செய்தி வந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, பதின்மூன்று வயசுப் பையனை யார் பைக் ஓட்டவிட்டது என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டவர்களில் பாதிப்பேர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்கிறது. 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும் பதினாறு. ஆனால் அந்தத் தடை பொது இடத்துக்கு உரியது. வேலி போட்ட பந்தயத் தடத்தில் செல்லுபடியாவது மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்புத்தகமும் அது தரும் போட்டி உரிமமும் பெற்றோர் போடும் கையெழுத்தும்தான். ஆர்டிஓவுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே, சாலையில் அரசாங்கம் செய்கிற காவலைத் தடத்துக்குள் கிளப்தான் செய்தாக வேண்டும். கிளப்பை விட்டால் அங்கே வேறு நாதி கிடையாது.

பிள்ளைகள் பந்தயத்தில் சாவது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் பீட்டர் லென்ஸ் இறந்தபோது அவனுக்கும் வயது பதின்மூன்று. 2021 ஜூலையில் ஸ்பெயினின் அரகானில் ஊகோ மிலான், பதினான்கு வயது. இரண்டே மாதம் கழித்து ஹெரேஸ் தடத்தில் டீன் பெர்டா வின்யாலெஸ், பதினைந்து. 2024 ஜூனில் பிரேசிலின் இண்டர்லாகோஸில் விழுந்த அர்ஜென்டினாச் சிறுவன் லொரென்சோ சொமாஸ்கினிக்கு ஒன்பது வயதுதான்.

அரகானிலும் ஹெரேஸிலும் காரணம் ஏறக்குறைய ஒன்று: விழுந்தவன் மேல் பின்னால் வந்த வண்டி மோதியது. சிறுவர் பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே சக்தி. யாராலும் பிரிந்து முன்னே போக முடியாது. முன்னவன் காற்றைக் கிழித்துத் தரும் வழியில் பின்னவன் ஒட்டிக்கொண்டு போவான். இருபது முப்பது பேர் ஒரே கொத்தாக வளைவுக்குள் நுழைவார்கள். நடுவில் ஒருவன் சறுக்கினால் பின்னால் வருபவனுக்கு விலக நேரமே இருக்காது. ஹெல்மெட், தோல் உடை, காற்றுப்பை எல்லாம் தரையில் விழுவதற்காகச் செய்தவை. பின்னால் வரும் வண்டி மேலே ஏறுவதற்கு அவற்றில் பதில் கிடையாது. அதனால்தான் 2021 அக்டோபரில் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் உடுப்போடு நிற்காமல் வயதிலும் எண்ணிக்கையிலும் கை வைத்தது. களத்தில் இறங்குவோர் எண்ணிக்கையைக் குறைத்தது. கிராண்ட் பிரீ பந்தயங்களுக்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் பதினெட்டு ஆயிற்று. அதுவரை பதினாறு. கீழ்நிலைப் போட்டிகளின் வயதும் உயர்ந்தது.

அந்த முடிவை எதிர்த்தவர்களும் உண்டு. இளவயதில் தொடங்காதவன் உலகத் தரத்துக்கு வர முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நம் கோவை நரேன் கார்த்திகேயன் பதினைந்து வயதில் இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில்தான் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கினார். ஆனால் நரேனின் அப்பா முன்னாள் ரேலி சாம்பியன். எந்த வளைவில் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர். எல்லா அப்பாக்களுக்கும் அது வாய்க்காது.

அப்பா விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிறுவர் பந்தயத்தில் அப்பா என்பவர் அப்பா மட்டும் அல்ல. பணம் போடுபவர் அவர், டயர் வாங்குபவர் அவர், பள்ளியில் லீவு சொல்பவர் அவர், ஸ்பான்சரிடம் பேசுபவரும் அவரே. பிள்ளை ‘இன்னிக்கு வேணாம்பா, பயமா இருக்கு’ என்று சொல்ல வேண்டுமானால், தனக்காக வீட்டை அடகு வைத்த மனிதரிடம்தான் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளை சொல்லும்? இது பந்தயத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல. சூப்பர் சிங்கர் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கும் நீட் கோச்சிங் வாசலில் நின்றவர்களுக்கும் தெரியும். வித்தியாசம், இங்கே தோற்றால் அழுகையோடு முடிவதில்லை.

ஒரு பந்தய நாளில் நிறுத்துகிற அதிகாரம் பலருக்கு இருக்கிறது. வண்டியைப் பரிசோதிப்பவர் பிரேக் சரியில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பலாம். மார்ஷல் கொடி காட்டலாம். தலைமை மருத்துவர், விழுந்து எழுந்தவனின் கண்ணைப் பார்த்து, மூளை அதிர்ந்திருக்கிறது, இன்று ஓட்டக்கூடாது என்று எழுதலாம். எல்லாம் உடம்பையும் இயந்திரத்தையும் பற்றியவை. இந்தப் பிள்ளை சாப்பிட்டானா, எடை குறைக்கப் பட்டினி கிடக்கிறானா, நேற்று வண்டி பழுது பார்க்கும் பிட்டுக்குப் பின்னால் யார் அவனை அறைந்தது, ஓட்டலில் யாருடைய அறையில் படுத்தான், ராத்திரி பதினோரு மணிக்கு மெக்கானிக் எதற்காக அவனுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார் என்றெல்லாம் கேட்பது யார் வேலை?

பிரிட்டனில் இதற்கு ஆள் உண்டு. மோட்டார்ஸ்போர்ட் யுகே என்ற அந்நாட்டு மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம், சிறுவர்கள் ஓட்டும் கிளப்புகள் குழந்தைப் பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளோடு நெருங்கி வேலை செய்வோரின் குற்றப் பின்னணியைப் போலீஸ் பதிவில் சரிபார்க்கிறார்கள். பயிற்சியாளர் ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிப் போவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பிள்ளையிடம் காசோ கோப்பையோ எதிர்பார்க்காத ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார், அவர் பெயரும் நம்பரும் பிள்ளைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா அம்மா கூடவே இருக்கிறார்களே, இன்னொருவர் எதற்கு என்று கேட்பார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசர் பல ஆண்டுகள் சிறுமிகளைச் சீரழித்தபோது சில நேரம் பெற்றோர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரிலேயே 2021 மே மாதம் சென்னையில் நெடுநாள் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதானார். பயிற்சியாளர் மேல் உள்ள மரியாதைதான் இத்தகையவர்களுக்கு முதல் கேடயம். ‘சார் ஏதோ செஞ்சா நம்ம நல்லதுக்குத்தான்’ என்று வளர்த்துவிட்ட பிள்ளையிடம், சார் தப்பு செய்யும்போது மட்டும் எப்படிச் சொல்வாய் என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

2012-ன் போக்சோ சட்டம் கிளப்புகளுக்கும் பொருந்தும். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசில் சொல்லியாக வேண்டும் என்கிறது பத்தொன்பதாவது பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ‘கிளப் பேரு கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்’ என்பதே தனிக் குற்றம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் பெண்கள், சிறார் வீரர்களுக்கான பாதுகாப்புக் கொள்கையைக் கோருகிறது. காகிதம் சேர்ந்துவிட்டது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அணிகள் கூடாரம் போடும் பேடாக்கில் நடக்கும் ஆள்தான் வேண்டும்.

இவ்வளவும் தடத்துக்குள் போக முடிந்த பிள்ளைகளின் கதை. புள்ளலூர் போன்ற ஊர்ப் பையனுக்கு அந்தத் தடத்தின் கேட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவனுக்குப் பைக் என்றால் யூடியூப். ஸ்ரேயஸ் இறந்து ஆறு வாரத்தில், 2023 செப்டம்பர் 17 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே தேசிய நெடுஞ்சாலையில் யூடியூபர் டிடிஎஃப் வாசன் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டித் தூக்கியெறியப்பட்டார். கைது, ஜாமீன் மறுப்பு, பத்தாண்டு உரிமத் தடை எல்லாம் வரிசையாக வந்தன. பைக்கை எரித்துவிடலாம் என்று நீதிபதி சொன்னது நாளிதழ்களில் வந்தது. கோபம் புரிகிறது. பைக்கை எரித்தால் வீடியோ எரியாது.

2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் ஓட்டினால் வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. போலீஸ் கூட்டங்களில் இதைச் சொல்லிவிட்டு, ‘ஆசை இருந்தா டிராக்ல போய் ஓட்டுங்க’ என்று முடிப்பார்கள். எந்த டிராக்கில், யார் காசில்? தோல் உடை, கையுறை, பூட்ஸ், பதிவுக் கட்டணம், பெட்ரோல் என்று கணக்குப் போட்டால் அந்தப் புத்திமதி வசதியானவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

கிளப்புகளிடம் என் கோரிக்கை பெரிதல்ல. மாதத்தில் ஒரு நாள், பந்தயம் இல்லாத நாள், தடத்தைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குத் திறந்துவிடட்டும். ஓட்டக்கூட வேண்டாம். விழுந்த வண்டி எப்படி இருக்கும், மார்ஷல் என்ன செய்கிறார், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்று கண்ணால் பார்க்கட்டும். ஓட்ட வருகிற பிள்ளைக்கு, பெற்றோர் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவம் தமிழில் இருக்கட்டும். மரணம் என்ற சொல் அதில் சின்ன எழுத்தில் இல்லாமல் இருக்கட்டும். பேடாக் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வைக்கட்டும். அந்த ஆள் எந்த அணிக்கும் சம்பந்தம் இல்லாதவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. பெண்கள் பிரிவில் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் அதற்குச் சொல்லும் காரணங்களை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)