ஒட்டகமும் பாலை வெப்பமும்

பாலைநிலத்திலே உயிரைக் கொல்வது வெப்பம் மட்டுமன்று. அவ்வெப்பத்தைத் தணிக்கும்பொருட்டு உடல் செலவிடும் நீரின் இழப்பும் ஆகும். மனிதன் வியர்வை சொரிந்து தன்னைக் குளிர்விக்கின்றான். அவ்வாறு சொரியுங்கால் குருதிநீர் விரைவிற் குறைகின்றது. குருதி தடித்து, இதயத்தால் அதனைத் தோலுக்கு வேண்டிய அளவிற் செலுத்த இயலாது போகின்றது. உடனே உள்வெப்பம் சடுதியாக ஏறும். கடும் வெயிலில் உடல்நிறையின் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராக இழந்தவன் பிழைத்தல் அரிது.

ஒட்டகமோ 25 சதவீதத்தை இழந்தும் நடமாடும். காரணம் யாதென மாணவரை வினவின், திமிலிலே நீர் உண்டு என்னும் விடையே ஆண்டுதோறும் கிடைக்கின்றது! திமிலில் இருப்பது கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு ஒட்சியேற்றப்படும்போது ஒரு கிராமுக்குச் சற்று மேலான நீர் பிறக்கும் என்பது மெய்யே. ஆயினும், அதற்கு வேண்டிய ஒட்சிசனை வறண்ட காற்றிலிருந்து பெறுகையில் அதனிலும் கூடிய நீர் சுவாசத்தோடு வெளியேறிவிடலாம். ஆகவே இவ்வியாபாரத்தில் இலாபமில்லை.

உண்மையை அளந்து காட்டியவர் கினூட் சிமித்-நீல்சன் என்னும் உடற்றொழிலியலறிஞர். அவரும் துணைவியார் போடிலும் 1953-54 இல் அல்சீரியச் சகாராவிலுள்ள பெனி அபேசில் ஒட்டகங்களை ஆராய்ந்தனர். நீர் பெறாத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை விடியலில் 34 பாகை சதமவளவைக்கு இறங்கி, மாலையில் 40 பாகைக்கு மேலும் ஏறிற்று. நம்மில் ஒருவருக்கு இவ்வாறு ஏறின் வைத்தியரை அழைப்போம். ஒட்டகத்துக்கு அது சிக்கனமாகும். 500 கிலோகிராம் நிறையுள்ள விலங்கு 6 பாகை சூடேறுகையில் ஏறக்குறைய 2,500 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. அதனை வியர்வையாற் போக்குவதாயின் 4 இலீற்றருக்கு மேற்பட்ட நீர் வேண்டும். இரவின் குளிரிலோ அது செலவின்றியே நீங்குகின்றது. அன்றியும், உடல் சூடேறியிருப்பதனால் வெளிக்காற்றிலிருந்து உட்புகும் வெப்பமும் குறைகின்றது. முதுகின் தடித்த மயிரும் இதற்குத் துணை. அதனைக் கத்தரித்தபோது நீரிழப்பு மிகுந்தமை அவ்வாராய்ச்சியிலேயே கண்டறியப்பட்டது.

இனி, ஒட்டகம் இழக்கும் நீரிற் குருதியின் பங்கு சிறிதே. பெரும்பங்கை இழையங்களும் குடலும் கொடுக்கின்றன. ஆதலால் குருதியோட்டம் தளர்வதில்லை. பின்னர் நீர்நிலையை அடைந்ததும், பத்து நிமிடத்தில் 100 இலீற்றர் வரை குடித்துவிடும். பிற விலங்குகளாயின் குருதி திடீரென நீர்த்துச் செங்குழியங்கள் வெடிக்கக்கூடும். ஒட்டகத்தின் செங்குழியங்கள் முலையூட்டிகளிடத்து அரிதான நீள்வட்ட வடிவின. இயல்பான கனவளவின் இருமடங்குக்கு மேல் வீங்கியும் அவை கிழிவதில்லை.